சின்னவளின் தெரபி எந்த இடத்தில் நடக்க வேண்டும்?

சின்னவளுக்கு நான்கரை வயது. மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்துத்தான் இறங்குவாள். கத்தரிக்கோலைப் பிடித்தால் காகிதம் வெட்டுப்படாமல் மடங்கிக்கொள்ளும். மழலையர் பள்ளியில் வெட்டி ஒட்டும் நேரம் வந்தாலே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிடுவாள் என மிஸ் சொன்னார். மதிப்பீடு முடிந்ததும் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, தேவை என்று முடிவானது. அதில் வீட்டில் யாருக்கும் மறுப்பு இல்லை. அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

தெரபி மையத்துக்கு அழைத்துப்போய்த் தனி அறையில் கொடுக்கலாம். பள்ளியிலேயே வகுப்பிலிருந்து தனியே கூட்டிப்போய்க் கொடுக்கலாம். தெரபிஸ்ட் வகுப்புக்குள்ளேயே வந்து மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துச் செய்யவைக்கலாம். அல்லது மிஸ்ஸுக்கும் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்து, நாங்கள் செய்வதைக் கவனித்துத் திருத்திக்கொண்டிருக்கலாம்; இதுதான் ஆலோசனை முறை. "தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால்தானே பதியும்?" என்றார் மாமியார். என் கணவருக்கு வாரத்துக்கு எத்தனை முறை என்பதுதான் முதல் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: அவள் எதைச் செய்ய வேண்டும், எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது?

எங்கள் தெரபிஸ்ட் அங்கிருந்துதான் தொடங்கினார். "காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அவளுக்கு எங்கெங்கே தடங்கல் வருகிறது, சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றும் எங்களுக்கு எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொன்னார். 1991இல் கனடாவில் வெளியான ஓர் அளவுமுறை இது. இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. பேசிப் பேசிக் கடைசியில் மூன்று விஷயங்கள் நின்றன: கழிப்பறை போய்வந்ததும் உடையைத் தானே மேலே ஏற்றிக்கொள்வது, வெட்டி ஒட்டும் வேலையில் வகுப்போடு உட்கார்ந்திருப்பது, விளையாட்டுத் திடலில் ஏணி ஏறுவது.

மூன்றையும் எழுதிப் பார்த்ததுமே பாதி முடிவு தானாகக் கிடைத்துவிட்டது. உடை மாற்றுவதை மற்றப் பிள்ளைகள் முன்னால் பழக்க முடியாது; அதற்கு மறைவு வேண்டும், அவசரமில்லாத நேரம் வேண்டும், அது வீட்டில்தான் உண்டு. ஏணி வேறு கதை. கால் தரையை விட்டு எழும்பினாலே அவளுக்கு உடம்பு விறைத்துவிடும். அந்தப் பயம் தெளிய ஊஞ்சல், மெத்தை, தாழ்வான படிகள் எல்லாம் இருக்கிற அறையும், அவள் ஒருத்தியையே கவனிக்கும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை. ஆகவே முதல் சில மாதங்கள் மையத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம். புதிதாக ஒன்றைக் கற்கும்போது, கூட்டமும் சத்தமும் குழந்தையைக் குலைக்கும்போது, தனி அறை நல்ல இடம்தான். அங்கே வந்த திறமை திடலில் அப்படியே வந்துவிடும் என்று நம்பி அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வெட்டி ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மையத்தில் அவள் ஓரளவு நன்றாகவே வெட்டினாள். வகுப்பில் மட்டும் முடியவில்லை. தெரபிஸ்ட் ஒருநாள் வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். அவர் முதலில் பார்த்தது கையை அல்ல, காலை. நாற்காலி உயரம், இவள் பாதம் தரையைத் தொடவில்லை. உடம்பைச் சாயாமல் நிறுத்திக்கொள்ளவே அவள் முழுக் கவனமும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை எப்போதும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. வெட்ட ஒரு கை, காகிதத்தைத் திருப்ப ஒரு கை என்றால் மேசையைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? காலுக்கு அடியில் ஒரு கனமான பெட்டியை வைத்தார்கள். மெல்லிய காகிதத்துக்குப் பதில், ஒரே வெட்டில் துண்டாகிற மாதிரி குறுகலான தடித்த அட்டைப் பட்டைகள் கொடுத்தார்கள். தடித்த அட்டை துவளாது. வெட்டியது கைக்குத் தெரியும். கட்டைவிரல் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும் என்பதை மட்டும் மிஸ் பக்கத்தில் வரும்போதெல்லாம் தொட்டுக் காட்டினார். அன்று அவள் எழுந்து போகவில்லை. அந்தப் பெட்டியை எந்தத் தனி அறையில் எத்தனை முறை உட்கார்ந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் மையத்தில் நாற்காலி அவள் உயரத்துக்கே இருந்தது.

இதற்கு ஆய்வு ஆதரவு இருக்கிறதா என்றும் தேடிப் படித்தேன். கனடாவில் மேரி லா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மனதில் நின்றது. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சரியாக வராத நிலை) உள்ள, ஆறு வயதுக்கு உட்பட்ட 128 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குக் குழந்தையின் உடற்குறையைச் சரிசெய்வதில் கவனம் வைத்துத் தெரபி. மற்றவர்களுக்குக் குழந்தையை அப்படியே விட்டு, செய்யும் வேலையையும் சுற்றியுள்ள சூழலையும் மாற்றித் தெரபி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் முன்னேறியிருந்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. என் மகளுக்குப் பெருமூளை வாதம் இல்லை. அவளுக்கு இருப்பது கை கால் அசைவுகள் ஒன்றோடொன்று இசைந்து வராத உடல் ஒருங்கிணைப்புச் சிக்கல் போலத் தெரிகிறது. ஐந்து வயதுக்கு முன் பொதுவாக அந்தப் பெயரை உறுதியாகச் சூட்டுவதில்லை என்று சொன்னார்கள். ஆனாலும் நாற்காலியை மாற்றுவது தெரபி ஆகாது, கையைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பதுதான் தெரபி என்ற எண்ணம் அந்த ஆய்வோடு எனக்குப் போய்விட்டது.

வாரத்துக்கு எத்தனை முறை என்ற கேள்விக்கும் வருகிறேன். வாரத்தில் 168 மணி நேரம். அதில் முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட்டோடு. மிச்ச நேரத்தில் என்ன நடக்கிறது என்று திட்டத்தில் இல்லாவிட்டால் அந்த முக்கால் மணி ஒன்றரையானாலும் பெரிய மாற்றம் வராது. ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வீட்டிலேயே செய்த தெரபித் திட்டத்தால் எட்டு வாரத்தில் குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஒரு தடவைக்குச் சராசரி 20 நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் அது குளியலுக்குப் பிறகான நேரம். கால்சட்டையை நானே இடுப்பருகே வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவளுக்கு விடுவேன். அது கைவந்ததும் முட்டி வரை. பிறகு கணுக்கால் வரை. முடிவிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுக்கும் முறை இது. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளே என்பதால் அழுகை இல்லை. தெரபிஸ்ட் ஒரு மாலை வந்து நான் செய்வதைப் பார்த்து, "நீங்கள் பேசுவதைக் குறையுங்கள், அவள் யோசிக்க இடம் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் அரை மணி நேரப் பயிற்சிக்குச் சமம்.

ஆலோசனை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆலோசனை முறை மிக நல்லது, அது உண்மையாக நடந்தால். தெரபிஸ்ட் வராந்தாவில் மிஸ்ஸிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. எந்த நாளில் வருவார், வகுப்பில் எவ்வளவு நேரம் இருப்பார், சொன்னதை யார் செய்வார்கள், பலன் தருகிறதா என்று எப்போது பார்ப்பார்கள் என எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்திருக்கும் மிஸ்ஸால் முடியுமா என்று அவரையே கேட்க வேண்டும். எங்கள் மிஸ், "மூன்று வேலை சொன்னால் என்னால் முடியாது, ஒன்று சொல்லுங்கள், தினமும் செய்கிறேன்" என்றார். கட்டைவிரல் அப்படித்தான் அவர் பொறுப்பானது. நேர்மையான அந்தப் பதிலுக்கு நான் அவருக்கு நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

வகுப்பிலிருந்து தனியே அழைத்துப்போகும் யோசனை வந்தபோது எந்த நேரத்தில் என்று கேட்டேன். பிள்ளைகள் இஷ்டப்படி விளையாடும் நேரத்தில், அப்போது பாடம் எதுவும் தவறாது என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மழலையர் பள்ளியில் அந்த நேரம்தான் பாடம். முறைக்குக் காத்திருப்பதும், பொம்மைக்குச் சண்டை போட்டுச் சமாதானமாவதும் அப்போதுதான் நடக்கிறது. அவளுடைய தோழிகள் ஏணியில் இருக்கும்போது அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போய் ஏணி பழக்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பதிலுக்குத் திடலிலேயே வந்து, இரண்டு தோழிகளையும் சேர்த்துக்கொண்டு செய்ய தெரபிஸ்ட் சம்மதித்தார். இப்போது மூன்றாவது படி வரை ஏறுகிறாள், தோழி ஒருத்தி மேலிருந்து அவள் பெயரைக் கூவிக்கொண்டிருந்தால்.

மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டோம். வகுப்பு வருகையும் வீட்டு வருகையும் தொடர்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து அதே மதிப்பெண்களை மறுபடி போட்டுப் பார்க்கிறோம். உடை விஷயத்தில் எண் நன்றாக ஏறிவிட்டதால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்கப் போகிறோம். அடுத்த ஆண்டு பெரிய பள்ளி, புது மிஸ், வேறு நாற்காலி. அந்த வகுப்பறையை முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரபிஸ்ட்டிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.