கதிர்க்குருவி மூணாவது மாசம்: ஒன்பது என்ட்ரிய கோடு போட்டு அடிச்சாச்சு

மூணு மாசமா காட்டுக்குள்ள போனா லீஃப் வார்ப்ளர், அதாவது இலைக் கதிர்க்குருவி மட்டும்தான் பாக்கறேன், ஃபில்லோஸ்கோபஸ் குடும்பம், கிட்டத்தட்ட 80 இனம், எல்லாமே பச்சையா பழுப்பா பத்து கிராம் சுத்துல இருக்கற, ஒரு நிமிஷம் சும்மா உக்காராத ஜந்துங்க. முன்னாடி மத்த கதிர்க்குருவிங்களோட ஒண்ணா போட்டு வச்சிருந்தாங்க, 2006லதான் தனிக் குடும்பம்னு பிரிச்சாங்க.

முதல் மாசம் முழுக்க புருவக்கோடு, இறக்கைல பட்டை இருக்கா இல்லையான்னு பாத்தே ஓடிப்போச்சு. பட்டை இருந்தா கிரீனிஷ் வார்ப்ளர், இல்லன்னா வேற ஏதோன்னு நோட்ல தைரியமா எழுதிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அந்தப் பட்டைங்கறதே சின்னச் சின்ன இறகோட வெளுத்த நுனிங்க வரிசையா சேந்து தெரியறதுதான், இலையில உரசி உரசி நுனி தேஞ்சா பட்டையே காணாமப் போயிடும். நோட்ல ஒன்பது என்ட்ரிய கோடு போட்டு அடிச்சேன். கலரும் நம்ப முடியல, இலை வழியா வர்ற வெளிச்சத்துல வெள்ளை வயிறுகூட மஞ்சளா தெரியுது, அதே குருவி வெளிக்கிளைக்கு வந்தா வேற குருவி!

ரெண்டாவது மாசம் பைனாகுலர கழுத்துல தொங்கவிட்டுட்டு காத மட்டும் வச்சு உக்காந்தேன். கிரீனிஷ் "சில்-வீ"ன்னு ரெண்டையும் ஒட்டி வழுக்கி சொல்லும், அதே மாதிரி இருக்கற இன்னொரு இனம் லார்ஜ் பில்ட் லீஃப் வார்ப்ளர், அது "டிர்... டீ"ன்னு பிரிச்சு, ரெண்டாவத மேல தூக்கி விசிலடிக்கும். இத புரிஞ்சுக்க போன்ல ரெக்கார்ட் பண்ணி ஸ்பெக்ட்ரோகிராம்ல, அதாவது சத்தத்த படமா வரைஞ்சு காட்டறதுல, கோடு கோடா பாத்தேன், அப்புறம்தான் காதுக்கே பிடிபட்டுச்சு. (நடுவுல ஒருநாள் அரைமணி நேரம் கிரீனிஷ்னு தேடினது வெள்ளை வாலாட்டி, ரெண்டு குரலும் அவ்ளோ கிட்ட.) கில்பர்ட் வைட்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார் 1768லயே, எல்லாரும் ஒரே இனம்னு நெனச்ச இலைக் கதிர்க்குருவிய பாட்ட வச்சே மூணு இனம்னு சொல்லிட்டார், நான் இத்தன கண்ணாடிய மாட்டிக்கிட்டு இப்பதான் அங்க வந்திருக்கேன்.

நேத்து ஒண்ணு ஆறடி தூரத்துல வந்து உக்காந்துச்சு, அலகோட கீழ்ப்பாதி ஆரஞ்சுகூட தெரிஞ்சுது, ஒரு புழுவ இலைக்கு அடியிலருந்து இழுத்து கிளையில அடிச்சு முழுங்கிட்டு வாயே திறக்காம போயிடுச்சு. நோட்ல "கதிர்க்குருவி 1"னு மட்டும் போட்டிருக்கேன்.