ஈறு சிகிச்சையும் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டும்

பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது என்று போனேன். மதுரையில் நான் பார்த்த பல் டாக்டர் மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி, உடலில் உள்ள அழற்சியை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். லேபுக்குப் போகுமுன் சீட்டில் 'ஹெச்.எஸ்.' இருக்கிறதா என்று பாருங்கள். சாதா சி.ஆர்.பி. எடுத்தால் பல இடங்களில் '6-க்குக் கீழ்' என்று மட்டும் வரும். ஈறு நோயில் வருகிற சின்ன ஏற்றம் அதில் தெரியாது. அலகையும் கவனியுங்கள். டெசிலிட்டருக்கு 0.4 மி.கி. என்றால் லிட்டருக்கு 4 மி.கி. இதைக் கவனிக்காமல் நார்மல் என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பவர்கள் உண்டு.

சி.ஆர்.பி. கல்லீரலில் சுரக்கும் புரதம். ஈறு அழற்சியில் உண்டாகும் ஐ.எல்.6 போன்ற அழற்சித் தூதுப் பொருட்கள் ரத்தத்தில் கலந்து கல்லீரலைத் தூண்டிவிடும். ஆனால் சளி, காய்ச்சல், மூட்டுவாதம், உடல் பருமன் எதுவானாலும் அது ஏறும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாவது போன பிறகு ரத்தம் கொடுங்கள். லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டினால் ஈறின் மேல் பழி போடாமல் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈறு நோயைச் சொல்வது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்க்கும் அளவுக்கம்பிதான். பல் ஒன்றுக்கு ஆறு இடம். டாக்டர் "மூணு, ரெண்டு, அஞ்சு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே போவார். 3 மி.மீ. வரை சரி, 4 அல்லது அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் அங்கே நோய் இருக்கிறது. அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் கசியும், அதை நம்பிவிடக் கூடாது.

வேர்வரை சுத்தம் செய்வதை மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு தடவையாகச் செய்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சுகர் உள்ளவர்கள் மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் மரப்பு விடும்வரை பஸ்ஸில் எதையும் மெல்லாதீர்கள், கன்னம் கடிபடும். சில நாள் பல் கூசும், ஜிகர்தண்டா பக்கமே போக முடியாது.

சுத்தம் செய்ததால் பல் இடைவெளி விழுந்துவிட்டது என்று நம் ஊரில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மனசு வலிக்கிறது. அந்த இடைவெளி முன்பே இருந்தது. காரையும் ஈறு வீக்கமும் அதை மூடியிருந்தன.

வாய் கொப்பளிக்க 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் மருந்து 10 மி.லி., காலையும் இரவும் ஒரு நிமிடம், இரண்டு வாரம். பேஸ்ட் போட்டதும் கொப்பளித்தால் மருந்து சரியாக வேலை செய்யாது, அரை மணி விடுங்கள். அதனால் பல்லில் கறை படிவது பயப்படும்படி இல்லை.

மூன்று மாதம் கழித்து அளவுக்கம்பியால் மறுபடி அளந்து, எச்பிஏ1சி-யும் எடுத்தார்கள். அப்போதும் ரத்தத்தோடு 5, 6 மி.மீ. நிற்கும் இடங்களுக்கு மறுசுத்தமோ, ஈறைத் திறந்து செய்யும் ஆபரேஷனோ தேவைப்படலாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் இடுக்கு பிரஷ் மட்டும் வாழ்நாள் முழுக்க. முன்பல்லுக்கு ஒரு சைஸ், கடைவாய்க்கு வேறு சைஸ். ஒன்றையே எல்லா இடுக்கிலும் திணித்தால் கம்பி வளைந்து ஈறைக் குத்திவிடும்.