எம்பட ரத்தம் நல்லாத்தானுங்க இருக்குது?

"ஏனுங்க அம்மிணி, எம்பட ரத்தம் நல்லாத்தானுங்க இருக்குது?" என்று அவர் கேட்டார். நான் "நல்லா இருக்குதுங்க" என்றேன். அதைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு. அதைத்தான் இன்னமும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேரளத்தில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், தென்னந்தோப்பு இருக்கிறது. தம்பிக்கு ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தபோது, ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்களைக் கொடுத்தவர். நாங்கள் செய்கிற ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர்களின் ரத்தமும் வேண்டும் என்பதால் கொடையாளிகளிடம் ஒரு சின்ன ட்யூப் கேட்போம். படிவம் மலையாளத்தில். அவருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிக்கத் தமிழ்தான், அதனால் நானே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஆய்வு முடிவுகள் தனிநபருக்குத் தெரிவிக்கப்படாது என்ற வரியையும் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க, தம்பி பொழச்சாப் போதும்" என்று பேனாவைக் கேட்டு வாங்கினார்.

மாதங்கள் கழித்து, மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கிற சீக்வென்சிங் முடிவு வந்தது. ஒப்பீட்டு மாதிரிகளில் ஒன்றில் டி.என்.எம்.டி.3ஏ மரபணுவில் பிறழ்வு. பெயர் இருக்காது, எண்தான். ஆனால் பக்கத்தில் வயது இருக்குமே. அந்தத் தொகுப்பில் அந்த வயதுக்காரர் ஒருவர்தான்.

லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் ஆய்வில் இருப்பவர்களுக்கு இந்த மரபணு பழைய எதிரி. டொரண்டோவில் ஜான் டிக்கின் குழு 1994இல் லுகேமியா செல்களை எதிர்ப்புசக்தி இல்லாத எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, எல்லா செல்லும் நோயை உண்டாக்குவதில்லை, ஒரு சிறு கூட்டம்தான் வேர் என்று காட்டியது. அதே குழு 2014இல், ஏ.எம்.எல். நோயாளிகளின் வேலை செய்கிற நல்ல ஸ்டெம் செல்களிலேயே டி.என்.எம்.டி.3ஏ பிறழ்வு முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது, கீமோ கொடுத்தும் போவதில்லை என்றது. அதே வருடம் வேறு குழுக்கள், நோயே இல்லாத எழுபது வயதுக்காரர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு பிறழ்வு இருப்பதைக் கண்டன. அவர்களில் ரத்தப் புற்றுநோய்க்குப் போகிறவர்கள் வருடத்துக்கு நூற்றில் அரையிலிருந்து ஒருவர். மற்றவர்கள் அதோடேயே வாழ்ந்து, வேறு எதனாலோ செத்துப்போகிறார்கள். தடுக்க மருந்து கிடையாது. சொல்லி என்ன ஆகப்போகிறது? தோப்புக்குப் போகிற மனுஷனை ராத்திரி தூங்கவிடாமல் பண்ணலாம், வேறென்ன. போதாக்குறைக்கு அது ஆய்வக முடிவு, அங்கீகாரம் பெற்ற லேபில் மறுபடி பார்க்காமல் யாரிடமும் வாயைத் திறக்கவே கூடாது. எங்கள் தலைவரும் அதையேதான் சொன்னார், "வயசைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சதே தப்பு" என்பதையும் சேர்த்து. நான் தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டது என்றேன். அவர் நம்பினாரா தெரியாது.

சரி, இதோடு விட்டிருக்கலாம். ஆனால் இதே பிறழ்வுகள் மாரடைப்பு அபாயத்தையும் கூட்டுகின்றன. மாரடைப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்ல முடியாதே, பிரஷர் பார்க்கலாம், பீடியை விடலாம். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். ரத்தத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்கும் "பீடிய விட்டுருங்க" என்றேன், எல்லாரும் சொல்வது போலத்தான். எல்லாரிடமும் சிரிப்பது போலவே சிரித்தார்.

இன்னொன்றும் யோசிக்கிறேன். அன்றைக்கு அவர் தம்பியைத்தான் செக்கப்புக்குக் கூட்டி வந்திருந்தார். தம்பி உடம்பில் இப்போது ஓடுவது முழுக்க அண்ணனின் ரத்தம், ரிப்போர்ட்டும் அப்படித்தான் இருந்தது. அப்படியானால் "எம்பட ரத்தம்" என்று அவர் கேட்டது தம்பிக்குள் ஓடுகிற ரத்தத்தையோ? அதுதான் கேள்வி என்றால் என் பதிலில் பிசகே இல்லை, தம்பியின் ரத்த அணுக்கள் கவுன்ட் எல்லாம் நன்றாக இருந்தது. கொடையாளிக்கு டி.என்.எம்.டி.3ஏ பிறழ்வு இருந்தால் பெற்றவருக்கு நோய் திரும்புவது குறைவு என்று சொல்கிற ஆய்வுகூட இருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டால் ஒரு நாள் நிம்மதியாகப் போகும். அப்புறம் அவர் அதைக் கேட்டபோது தன் கை நரம்பைத் தடவிக்கொண்டிருந்தது ஞாபகம் வரும்.

இப்போது படிவத்தைத் திருத்துகிறார்கள், தமிழிலும் வரப்போகிறது, எழுதுவது நான். இப்படி எதுவும் தெரிய வந்தால் சொல்லட்டுமா, வேண்டாமா என்று இரண்டு கட்டம் வைத்தே ஆக வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கினேன். வெளியே வரும்போது கூட வேலை பார்க்கிற பெண், "அக்கா, நீங்க கொடையாளியா இருந்தா எதுல டிக் போடுவீங்க?" என்றாள். வேண்டாம் என்பதில்தான் என்றேன், யோசிக்காமலேயே.