பட்டியலிலிருந்து எடுத்த படம்

மத்திய ஆஸ்திரேலியாவில் வார்ல்பிரி பழங்குடியினரின் ஊர் ஒன்றில் நாங்கள் நடத்திய திறந்தவெளிப் படவிழாவில், ஒரு படத்தைக் கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து எடுத்தோம். அந்தப் படத்தின் ஒப்புதல் படிவத்தில் குறை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு பேசியவர்கள் எல்லோரும் படிவத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தார்கள். படத்தில் தன் நிலத்தின் கதையைச் சொல்லும் பெரியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். தான் காலமானால் யாரைக் கேட்க வேண்டும் என்ற கட்டத்தில் மகன் பெயரை எழுதியிருந்தார். பெரியவர் இறந்த பிறகு, விழாவுக்கு முன்பே மகனிடம் கேட்டாயிற்று. "போடுங்க. எல்லாரும் பார்க்கணும்னுதானே அப்பா பேசினார்" என்றார் அவர்.

திரையிடும் நாள் சாயங்காலம், காற்றடைத்து நிறுத்தும் திரைக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தபோது ஊரின் மூத்த பெண்மணி ஒருவர் வந்து நின்றார். "அவர் படம் இன்னைக்கு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது ஆன்ட்டி, கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் அறிவிப்புச் செய்வோம் என்று சொன்னோம். "சரி, அப்போ நான் வீட்டுக்குப் போயிடுறேன்" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. இருட்டுவதற்குள் அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி ஊர்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல், படத்தைக் காட்டாமல், குரலைக் கேட்காமல் இருப்பது துக்கத்தின் பகுதி. அதே பெயர் கொண்டு உயிரோடிருப்பவரைக்கூட அந்தக் காலத்தில் பெயருக்குப் பதிலாகக் குமன்ஜயி என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை நாளுக்கு என்பதற்கு ஊர்ப்பொதுவான கணக்கு கிடையாது. சில குடும்பங்களில் சில மாதம், சில குடும்பங்களில் பல வருடம். அடக்கத்தன்று கொடுக்கும் தாளிலேயே முகத்தை அச்சிடச் சொல்லும் குடும்பங்களும் இப்போது இருக்கின்றன. அதனால் பழங்குடிப் படவிழா நடத்துபவர்கள் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. சப்டைட்டிலில் பெயர் வருகிறதா, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வருகிறதா, தொகுப்பாளர் கையிலிருக்கும் தாளில் இருக்கிறதா, சுவரொட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது சுவரொட்டியில்தான். படம் எடுத்தவர்கள் அனுப்பும் நல்ல புகைப்படம் எப்போதும் பெரியவர்களின் முகமாகத்தான் இருக்கும்.

'மறைந்தவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை இன்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் சாதாரணம். அரங்குக்குள் அது வேலை செய்யும். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஊர் மைதானத்தில் அந்தக் கதவு இல்லை. எச்சரிக்கையைக் காலையிலேயே கடை வாசலில் ஒட்ட வேண்டும், இரவில் வார்ல்பிரியில் வாயால் சொல்ல வேண்டும், சொன்னபின் படத்தைத் தொடங்காமல் கிளம்புகிறவர்கள் பாய், போர்வை, குழந்தைகளை எடுத்துக்கொண்டு வண்டி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கறுப்புத் திரையில் ஐந்து நொடி எழுத்தைக் காட்டிவிட்டுத் தொடர்வது யாருக்கும் உதவாது.

இதெல்லாம் செய்வதாகத்தான் இருந்தோம். ஆனால் அந்தப் பெண்மணியின் வீடு மைதானத்திலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர்.

ஒலி எப்படிப் போகும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டரில் 80 டெசிபல் என்றால் 160 மீட்டரில் 56. பகலில் ஊரின் சத்தத்தில் அது கரைந்துவிடும். இரவில் பாலைநிலம் சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிராகிவிடுகிறது. மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. அந்த அமைதியில் 56 டெசிபல் என்பது வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றவர் போய்ப் படுத்திருக்கும் இடத்துக்கே அந்தக் குரல் வரும். படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்ததற்கு என்னால் தயங்காமல் சொல்ல முடிகிற காரணம் இது.

ஒலியைக் குறைத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரண்டு பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பதிலாக நான்கு சிறியவற்றை உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் வைத்தால் 70 டெசிபலிலேயே எல்லோருக்கும் கேட்கும், வெளியே கசிவதும் குறையும். முடிந்தவரை அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இந்த ஊர்களில் நடுக்காது நோயால் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகள் நிறைய. அவர்கள் முன்வரிசையில் மணலில் உட்காருவார்கள். பேச்சுக்குரிய நடு அலைவரிசை தெளிவாக வராவிட்டால் அவர்களுக்குப் படமே இல்லை. அன்றைய ஒலியமைப்பு அவர்களுக்காக வைத்தது. அதைச் சாயங்காலத்தில் பிரித்து மாற்றுவது என்றால் ஒயர் எல்லாவற்றையும் மறுபடி இழுக்க வேண்டும். செய்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விழாவுக்கான படங்களை ஒரே நீள ஃபைலாக ஒட்டிவைக்கக் கூடாது, ஒவ்வொன்றும் தனி ஃபைலாக, எண்ணிட்டு, இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். செல்போனில் எடுத்த படங்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாக இருப்பதில்லை. அவற்றை 25-க்கு மாற்றாமல் எடிட் செய்தால் பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். அப்படிக் கெடும் படத்தை நடுவில் நிறுத்தி அடுத்ததற்குப் போகத்தான் தனி ஃபைல். அன்று அதே வசதியால் அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு விரல் போதுமாயிருந்தது. எடுப்பது கடினமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பேசியிருப்போமோ, மகனைத் தேடிப் போயிருப்போமோ என்பது எனக்கு இன்னும் ஓயாத கேள்வி.

உண்மையில் முடிவைத் திருப்பியது எங்களோடு வேலை செய்யும் ஊர்க்காரப் பெண் சொன்ன ஒரு வாக்கியம். திரையின் கயிறுகளைக் கட்ட இரும்புக் கம்பங்களை அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் செம்மணலில் சாதாரண முளை நிற்காது. பிடிப்பில்லாத ஆறு மீட்டர் திரையைக் காற்று கவிழ்த்துவிடும். அடித்தபடியே, "அந்த இடத்துக்கு அவங்க குர்டுங்குர்லு" என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை, அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார்.

வார்ல்பிரி முறையில் ஒரு நிலத்துக்கும் அதன் கதைக்கும் தந்தை வழியில் வருபவர்கள் கிர்டா, தாய் வழியில் வருபவர்கள் குர்டுங்குர்லு. சடங்கை நடத்துவது கிர்டா. அது முறைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வது குர்டுங்குர்லு. ஒருவர் இல்லாமல் மற்றவரின் சம்மதம் பாதிச் சம்மதம். படத்தில் வரும் நிலத்துக்கு மகன் கிர்டா, வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்ற பெண்மணி குர்டுங்குர்லு. எங்கள் படிவத்தில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். சட்டத்துக்கு இதுவே அதிகம். ஆஸ்திரேலியாவின் 1968 பதிப்புரிமைச் சட்டம் படத்தை எடுத்தவருக்கு உரிமை தருகிறது, கதைக்குச் சொந்தமான சமூகத்துக்குத் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பழங்குடி வழக்கறிஞர் டெரி ஜான்கே எழுதி, 2009-இல் அரசின் திரைப்பட அமைப்பான ஸ்கிரீன் ஆஸ்திரேலியா வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. சம்மதம் ஒருமுறை வாங்கி முடிகிற விஷயம் இல்லை, படம் எடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஊரோடு பேச வேண்டும் என்பது அவற்றின் சாரம். படித்தவர்கள்தான் நாங்கள்.

ஆனால் மகனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் படம் இல்லை என்று அறிவித்தபோது எழுந்து வந்து கேட்டார்: "என்னைக் கேட்டீங்க, சரின்னேன். அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?" அதற்குப் பதில் சொன்னோம். சொன்னது அவருக்குப் பதிலாக இல்லை. படத்தை எடுத்த இளைஞர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவரோடு அந்த நிலத்துக்கு வண்டியில் போய், அவர் சொல்லச் சொல்ல எடுத்து, வார்ல்பிரியைக் கேட்டுக் கேட்டு சப்டைட்டில் போட்டவர்கள் அவர்கள். பெரியவர்கள் பேசியதைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த விழாவே நடக்கிறது. வார்ல்பிரி மக்கள் தங்கள் ஊரான யுவென்டுமுவில் 1980-களின் தொடக்கத்தில் தாங்களே வீடியோ எடுக்கத் தொடங்கியதும், தொலைக்காட்சி தங்கள் மொழியை விழுங்கிவிடும் முன் தங்கள் குரலைத் தாங்களே பதிந்துகொள்ளத்தான். அந்தக் குரலை நிறுத்தியது வெளியிலிருந்து வந்த நாங்கள். இதை மாற்றிச் சொல்ல வழியில்லை.

மறுநாள் பள்ளிக்கூட அறைக்குள், விரும்புகிறவர்களுக்கு மட்டும், கதவைச் சாத்திக் காட்டியிருக்கலாம். ஒலியும் வெளியே போகாது, போக விரும்பாதவர் போகாமல் இருக்கலாம். இது அன்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஆனாலும் அது முழுத்தீர்வு என்று சொல்ல முடியவில்லை. குர்டுங்குர்லுவின் சம்மதம் கதைக்கு வேண்டியது. கதவைச் சாத்தினால் துக்கத்துக்கு இடம் கிடைக்கும், சம்மதம் கிடைக்காது.

படம் இப்போது ஊர் ஊடக மையத்தின் கணினியில் துக்கக் குறியோடு இருக்கிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் இன்னொரு பழங்குடியினரான அனங்கு மக்களின் ஆரா இரிடிட்ஜா ஆவணக்காப்பகம் 1994 முதல் வளர்த்துவந்த வழி இது: படத்தை அழிப்பதில்லை, குடும்பம் சொல்லும்வரை திறக்காமல் வைப்பது. படிவத்தில் இரண்டு கையெழுத்துக்கு இடம் போட்டாயிற்று. இருவரும் வேறுவேறு பதில் சொன்னால் என்ன செய்வது என்ற வரி இன்னும் காலியாக இருக்கிறது. மகனையும் அந்தப் பெண்மணியையும் சேர்ந்து உட்கார வைத்துக் கேட்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் நேரில் பேசலாகும் உறவுதானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமியார் மருமகன் முறையென்றால், வார்ல்பிரி வழக்கப்படி ஒரே இடத்தில் உட்காரவே கூடாது.