நூறு பேர் என்ற கோடு

அம்பத்தூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரே பிரஸ் எந்திரத்தில் முதல் ஷிப்டில் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளி, இரண்டாம் ஷிப்டில் நிற்பவர் கான்ட்ராக்ட் ஆள். பின்னவரின் சம்பளம் முன்னவருடையதில் பாதிகூட இல்லை. தொழிலாளர் சட்டங்கள் வேலைவாய்ப்பைக் குறைக்கின்றனவா என்ற விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த எந்திரம்தான் என் கண்முன் நிற்கிறது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1976இல் ஐந்து-பி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்றானது. 1982ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வரம்பை 100ஆகக் குறைத்தது. இத்தகைய சட்டங்களால் வேலைகள் குறைந்தன என்று வாதிடுவோர் அதிகம் காட்டுவது பொருளாதார அறிஞர்களான பெஸ்லி, பர்ஜெஸ் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வை. தொழிலாளருக்குச் சாதகமாகச் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலையும் பின்தங்கின என்பது அதன் முடிவு. ஆனால் குஜராத் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது ஒரே ஒரு திருத்தத்தால்தான் என்பதைப் பொருளாதார அறிஞர் ஆதித்ய பட்டாச்சார்ஜியா எடுத்துக்காட்டினார்: நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த கூட்டு நிர்வாகக் குழுவுக்குத் தன் பிரதிநிதியை நியமிக்காத முதலாளிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம் விதித்த திருத்தம் அது. அதற்கு அஞ்சி யாரும் ஆலை கட்டாமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான் அருகிருந்து பார்த்தவரை, சட்டம் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. ஆட்களை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதைத்தான் மாற்றியது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாள் நெருங்கும்போது ஒப்பந்ததாரரின் பெயர் மாறும், அடையாள அட்டை மாறும், ஆள் மட்டும் அதே எந்திரத்தின் முன் நிற்பார். நாடு முழுவதும், ஆலைத் தொழிலாளரில் 2000-01இல் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் 2022-23இல் ஐந்தில் இருவரானார்கள்.

2025 நவம்பர் 21இல் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், முன் அனுமதிக்கான வரம்பை மீண்டும் 300 ஆக்கியிருக்கிறது. வரம்பை உயர்த்தியதைவிட, வேலையிழந்தவருக்கு ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்ற பழைய இழப்பீட்டுக் கணக்கை அப்படியே விட்டதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பத்தாண்டு உழைத்தவருக்கு அது ஐந்து மாதச் சம்பளம். அட்டை மாறிக்கொண்டே இருந்தவருக்கு, பதிவேட்டின்படி, ஓராண்டுகூடத் தேறாது.