பிப்ரவரி வரைக்கும் கலைக்காத குடில்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் 25ஆம் தேதியோடு முடியாது. 24 நள்ளிரவுப் பூசை, 25 அன்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முறுக்கும் அதிரசமும் கேக்கும் வைத்த தட்டு, 26 இரவு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினால் புத்தாண்டுப் பூசை பார்த்துவிட்டுத்தான் திருச்சிக்குத் திரும்புவோம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. எங்களுக்குக் கல்யாணம் ஆன பிறகும், பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் நிற்கவில்லை. மாதா குளத்திலிருந்து கோயில் வரைக்கும் உள்ள மணல் பாதையில் அப்பா முழங்காலிலேயே போவார், நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் நடப்போம். அந்த மணலில் கால் வைத்தால்தான் எனக்குக் கிறிஸ்மஸ் வந்த மாதிரி இருக்கும்.

போன டிசம்பர் 22 காலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. கீழே கொட்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், குனிந்து எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டதற்குப் பதிலும் இல்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தம்பி வீட்டில் இருந்ததால் உடனே வண்டியில் ஏற்றிவிட்டான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பார்கள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம், அதற்கே கடவுளுக்கு ஆயிரம் நன்றி. ஆனாலும் வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்பதால் பேச்சும் சேர்ந்து பாதிக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

கிறிஸ்மஸ் இரவு ஆஸ்பத்திரியில்தான். நர்ஸுகள் உட்காரும் மேசையில் யாரோ சின்னதாக ஒரு குடில் வைத்திருந்தார்கள். எங்கள் பங்குக் கோயிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைக்கும் நேரத்தில், அம்மா அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கு அதுவரை தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வார்த்தை வரவில்லை. என் பெயரைச் சொல்ல முயன்று முடியாமல் கண் கலங்கினார், அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே.' குழறலாக இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் வந்தது. அம்மா சொன்னது நாம் இப்போது சொல்லும் 'அருள் நிறைந்த மரியே'. அப்பா சொன்னது அவர் சின்ன வயதில் அவருடைய அம்மாவிடம் கற்றுக்கொண்ட பழைய ஜெபம், அதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. நாமாக யோசித்துப் பேசுகிற பேச்சு போய்விட்டாலும், மனப்பாடமாக ஊறிய ஜெபமும் பாட்டும், ஒன்று இரண்டு எண்ணுவதும் பல பேருக்கு மிஞ்சும் என்றார். சரி, அது மருத்துவம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, 'அப்போ சின்னப் பிள்ளையில ஜெபம் சொல்லிக்கொடுக்கிறது இதுக்காகவும்தான்' என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானது என்று எனக்குத் தோன்றவில்லை.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். 'வருஷா வருஷம் மாதாகிட்ட போறவருக்கா இப்படி?' என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். அன்பில்தான் கேட்டார்கள், ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை, அப்பாவுக்கும் பிடிக்காது என்று தெரியும். 2004இல் வேளாங்கண்ணியில் சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்மஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நிறையப் பேர் இருந்தார்கள், எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் தப்பினார்கள். நாங்கள் அன்று இரவுதான் கிளம்புவதாக இருந்தோம். தெருவில் எல்லோரும் 'மாதா உங்களைக் காப்பாத்திட்டாங்க' என்றபோது அப்பா மட்டும் அதை ஏற்கவில்லை. 'அன்னைக்கு அங்க இருந்தவங்களும் மாதாவைப் பார்க்கத்தான் வந்தாங்க. அவங்களைக் கைவிட்டாங்கன்னு சொல்லுவீங்களா?' என்று கேட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் ஆர்ச் பக்கத்தில் இருக்கும் சுனாமி நினைவிடத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார். அந்த மனிதரிடம் போய் 'ஏன் உங்களுக்கு' என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது ஜனவரி. குடில் பாதியில் நின்றிருந்தது. புல்லுக்காக அம்மா தட்டில் விதைத்திருந்த கேழ்வரகு தண்ணீரில்லாமல் பழுத்துச் சாய்ந்துவிட்டது. கலைத்துவிடலாம் என்று தம்பி கை வைத்தான். அம்மா விடவில்லை, புதுசாகக் கேழ்வரகு விதைத்தார். 'காணிக்கைத் திருநாள் வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்கு வேளாங்கண்ணி போவோம்' என்றார்.

காணிக்கைத் திருநாள் பிப்ரவரி 2, கிறிஸ்து பிறந்த நாற்பதாவது நாள். மரியாளும் சூசையும் குழந்தையை எருசலேம் கோயிலுக்கு எடுத்துப்போய், ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத ஏழைகள் கொடுக்கும் புறா ஜோடியைக் கொடுத்த நாள். மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளும் அதுதான். முன்பெல்லாம் சில வீடுகளில் அதுவரை குடிலைக் கலைக்கவே மாட்டார்கள். அம்மாவின் கணக்கு எனக்குப் புரிந்தது, கிறிஸ்மஸ் இன்னும் முடியவில்லை.

எப்போதும் பஸ்ஸில் போகிறவர்கள், இந்தத் தடவை கார் பிடித்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று பழகிய வழிதான், ஆனால் அப்பாவுக்காக அடிக்கடி நிறுத்தினோம். வேளாங்கண்ணியில் டிசம்பர் நெரிசல் இல்லை. அறை எடுத்துப் படுத்துவிட்டு, விடிந்ததும் சக்கர நாற்காலியோடு மாதா குளத்துக்குப் போனோம். பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா குழந்தைக்குப் பால் கேட்டதாகச் சொல்லும் இடம் அது. தீர்த்தத்தை அப்பாவின் வலது கையில் அம்மா தடவினார்.

மணல் பாதையில் சக்கர நாற்காலி ஓடவில்லை. முன்சக்கரங்கள் சின்னவை, தள்ளத் தள்ளப் புதைந்துகொண்டே போயின. ஓரமாகத் தரை இருந்தது, தம்பி அங்கே திருப்பப் பார்த்தான். அப்பா இடது கையை நீட்டி மணலையே காட்டினார். அப்போது அந்த வழியாக முழங்காலில் வந்துகொண்டிருந்த மலையாளி ஒருவர் எழுந்து வந்து, நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி இழுக்கச் சொல்லிக்கொடுத்தார். இழுத்தால் நகர்ந்தது! தம்பி பின்னோக்கி இழுக்க, அப்பா கோயிலுக்கு முதுகு காட்டியபடி, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை வருடமும் நாங்கள்தான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறோம். அம்மா அவருக்குப் பதிலாக முழங்காலில் வருகிறேன் என்று மண்டியிடப் போனார், அப்பா 'வேண்டாம்' என்றார். பயிற்சியில் திரும்பக் கிடைத்திருந்த ஒருசில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஜெபமாலையை அவர்தான் தொடங்கினார், அந்தப் பழைய ஜெபத்திலேயே. நாங்களும் அதையே கற்றுக்கொண்டு சொன்னோம். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அது தண்ணீர்பட்ட பாடு.

வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனை மாதா எழுந்து நடக்க வைத்தார், அவன் நாகப்பட்டினத்துக்கே ஓடினான் என்பது இந்த ஊரின் வரலாறு. வெள்ளியில் கை, கால் என்று மக்கள் செலுத்திய காணிக்கைகளையும் அங்கே பார்த்திருப்பீர்கள். அம்மாவும் ஒரு வெள்ளிக் கை வாங்கி வைத்தார். அப்பா அன்று எழுந்து நடக்கவில்லை. அதை நான் மறைக்க வேண்டியதில்லை. சீனாவின் மக்காவ் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போன போர்த்துகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறிக் கோயில் கட்டினார்கள் என்கிறார்கள், அவர்கள் கொடுத்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிந்திருக்கின்றன. அவர்கள் யாரும் வேளாங்கண்ணிக்கு வரக் கிளம்பியவர்கள் இல்லை. அந்தப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் டிசம்பர் கெட்டுப்போனது என்ற நினைப்பு என்னிடம் இல்லை.

பூசையில் எல்லோர் கையிலும் எரியும் மெழுகுதிரி. அப்பாவின் வலது கையில் திரியை வைத்து என் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். மெழுகு உருகி விரலில் விழுந்ததும் அவர் கை சட்டென்று இழுத்தது. சூடு தெரிகிறது! அம்மாவைப் பார்த்தேன், அவரும் பார்த்துவிட்டார். வாசகத்தில், எருசலேம் கோயிலில் குழந்தையைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன் வந்தார், மரியாளின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சொன்னார். பிறந்து நாற்பது நாளே ஆன பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் ஒரு தாயிடம் சொன்ன வார்த்தை அது. அவர் அந்த வாளோடுதான் வீடு திரும்பினார், பிள்ளையை வளர்த்தார். நாங்கள் யாரிடம் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. இந்த அம்மாவிடம் 'ஏன்' என்று கேட்காமலே அழலாம். நன்றாக அழுதேன்.

வீட்டுக்கு வந்து குடிலைக் கலைத்தோம். அப்பா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார், என் பெயரையும் சொல்கிறார். சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் மணலில் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள், தள்ளாதீர்கள். வரும் வருடம் 26 இரவே கிளம்ப வேண்டும் என்று அப்பா காலண்டரில் விரல் வைத்துவிட்டார். தம்பிக்கு அவ்வளவு கூட்டத்தில் அவரைக் கூட்டிப்போகப் பயம், காணிக்கைத் திருநாளுக்கே போகலாம் என்கிறான். அம்மா ரெண்டுக்கும் போவோம் என்கிறார்.