டப்பா

முந்தாநாள் ராத்திரி எங்கள் லேபில், இரண்டு லேசர் கதிர்களின் அலைகளை ஒன்றுக்கொன்று பிசகாமல் பிடித்து வைக்கிற லாக் ஏழு தடவை அறுந்தது. எட்டாவதுக்குக் காத்திருக்காமல் லேசரைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

வேலை என்னவோ சின்னதுதான். லேசர் ஒளியை வடிகட்டி வடிகட்டி, துடிப்புக்குச் சராசரி 4 ஃபோட்டான், அதாவது 4 ஒளித்துகள், என்று மெலிய வைக்க வேண்டும். எவ்வளவு மெலிந்தாலும் அது கோஹிரன்ட் ஸ்டேட்தான், அதாவது லேசர் ஒளிக்கே உரிய குவாண்டம் நிலை, குணம் மாறாது. விருந்தாளி வரவர அம்மா ரசத்தில் தண்ணீர் விடுவாளே, அந்தக் கதை. சராசரிதான் 4, நூறு துடிப்பில் ஏறக்குறைய இரண்டு காலியாகவே வரும். எங்கள் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு இது புதிதில்லை.

அப்புறம் பீம் ஸ்ப்ளிட்டரில், அதாவது ஒளியைப் பிரிக்கவும் சேர்க்கவும் செய்கிற கண்ணாடியில், அதோடு தடியன் கதிர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தடியனில் ஒரு சதவீதம்தான் இந்தப் பக்கம் வரும், மீதி 99-ம் தண்டம். ஆனால் ஃபேஸ் நேரெதிராக, ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுகிற மாதிரி, அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, டிடெக்டர் இருட்டாகிவிடும். இந்த இருட்டுக்குத்தான் இத்தனை லட்சம் செலவு. அப்பாவிடம் சொன்னபோது, "கரண்ட் போனா தானா வருமே" என்றார்.

780 நானோமீட்டர் ஒளி. பாதையில் அதில் பாதி நீளம் பிசகினால் போதும், இருட்டு வெளிச்சமாகிவிடும். தலைமுடித் தடிமனில் இருநூறில் ஒரு பங்கு! ஏசியைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியை நூலிழை நகர்த்துகிற பீசோவைச் சந்தேகப்பட்டேன், மாடி லேபில் யாரோ ஸ்கிப்பிங் ஆடுவதாகக்கூட முடிவு கட்டினேன். நடுவில் என் ஆராய்ச்சி கைடு எட்டிப் பார்த்தார். அவர் எதில் தொடங்கினாலும் இயற்பியலாளர் சுதர்சனில்தான் முடிப்பார். இந்தக் கோஹிரன்ட் ஸ்டேட் பற்றி 1963-இல் அமெரிக்காவின் கிளாபரும் எழுதினார், சுதர்சனும் எழுதினார். 2005-இல் நோபல் கிளாபருக்குப் போனது, தாம்பரத்தில் படித்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை. நியாயமான ஆத்திரம்தான். ஆனால் அவர் ஆத்திரப்பட்ட அந்தப் பத்து நிமிஷத்திலும் லாக் ஒரு தடவை போனது.

பதினொன்றரைக்கு, லாக் அறுந்த நேரங்களைப் பதிகிற வரைபடத்தைப் பார்த்தேன். 9:02, 9:04, 9:11 என்று ஏழு கொம்புகள். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று கறுப்புத் துணியடியிலிருந்து போனை எடுத்தால், அம்மா, ஏழு மிஸ்டு கால். 9:02, 9:04, 9:11.

காற்றில் மிதக்கிற டேபிள். தெருவில் லாரி போனாலும் அசையாது. அதன் தலைமேலேயே வைப்ரேட்டில் போனை வைத்தால் அது என்ன செய்யும், பாவம். லேசரைக் குளிர்விக்கிற சில்லரின் இரைச்சலில் எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

கூப்பிட்டேன்.

"எத்தனை தடவைடி அடிக்கிறது?"

"ஏழும்மா. படமாவே இருக்கு."

"என்ன படம்? சரி, போன மாசம் இட்லிப் பொடி குடுத்தனுப்பின எவர்சில்வர் டப்பா எங்க? பெரியம்மா வீட்டுதுடி அது, கேக்கறா."

டப்பா எதிரேதான் இருந்தது. மூடியில் ஓட்டை, உள்ளே முழுக்க மேட் கறுப்புப் பெயிண்ட். வீணாகிற 99 சதவீதத்தையும் இரண்டு வாரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது.

"கழுவி வெச்சிருக்கேம்மா" என்றேன்.